இதயநோய் வருமுன் காத்தல்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் மாரடைப்பால் ஒருவர் இறந்த வீட்டில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "நல்லாத்தானே இருந்தாரு, களியும் கீரையும் சாப்பிட்ட உடம்புக்கு இது எப்படி வந்துச்சு?" நியாயமான கேள்விதான். ராகியும் சாமையும் கொள்ளும் அவரையும் விளைகிற மண்ணில், மருத்துவர்கள் இன்று நகரத்தாருக்குச் சிபாரிசு செய்யும் தானியங்களை வழிவழியாக உண்டுவந்த மக்களுக்கு இதயநோய் வருவது முரணாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் களியை உண்டவர்கள் விடிந்தது முதல் பொழுது சாயும்வரை ஏர் ஓட்டினார்கள், நீர் இறைத்தார்கள், சந்தைக்கு மூட்டை சுமந்து நடந்தார்கள். இன்று களி இருக்கிறது, உழைப்பு பாதியாகிவிட்டது. பல வீடுகளில் களியும் வாரம் ஒருமுறை என்றாகிவிட்டது. இதயத்தைக் காப்பது எந்த ஓர் உணவின் வேலையும் அன்று. ஒரு நாள் முழுவதையும் நாம் எப்படிக் கழிக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. ஏன் அப்படி என்பதைத் தெரிந்துகொள்ள, மாரடைப்பு எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

குழாய்க்குள் நடப்பது என்ன?

கைமுட்டி அளவுள்ள இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. தனக்குள் எந்நேரமும் இரத்தத்தை நிரப்பிக்கொண்டிருந்தாலும், தன் தசைக்கு வேண்டிய உயிர்வளியை இதயம் அந்த இரத்தத்திலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. அதன் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் கரோனரி இரத்தக்குழாய்களே தசைக்கு உணவூட்டுகின்றன. வலப்புறம் ஒன்று, இடப்புறம் கிளம்பி இரண்டாகப் பிரியும் மற்றொன்று என முக்கியமான வழிகள் மூன்று. ஆஞ்சியோ, அதாவது இக்குழாய்களைப் படமெடுத்துப் பார்க்கும் சோதனை, செய்துகொண்டு வந்தவர்கள் "மூன்று குழாயிலும் அடைப்பு" என்று சொல்வது இவற்றைத்தான்.

ஆழ்துளைக் கிணற்று நீர் ஓடும் குழாயில் உப்புப் படிந்து துளை சிறுப்பதைப் போலக் கொழுப்பு படிந்து குழாய் அடைபடுகிறது என்று பொதுவாக விளக்குவார்கள். அது பாதிதான் சரி. படிவு குழாயின் துளைக்குள் சேர்வதில்லை. குழாயின் சுவருக்குள் சேர்கிறது. அந்தச் சுவரின் உட்பக்கத்தை ஒரே ஓர் அடுக்கு செல்கள் மெல்லிய உறையாக மூடியிருக்கின்றன. உயர் இரத்த அழுத்தம், புகையிலையின் நச்சுகள், இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை ஆகியவை இந்த உறையைச் சிறிது சிறிதாகப் பழுதாக்குகின்றன. கெட்ட கொழுப்பு என்று நாம் அழைக்கும் எல்டிஎல் துகள்கள் சுவருக்குள் புகுந்து தங்க, அவற்றை அகற்ற வரும் வெள்ளை அணுக்கள் கொழுப்பை விழுங்கி உப்பி அங்கேயே மடிய, அந்த இடம் அழற்சி கொண்ட ஒரு திட்டாக மாறுகிறது. இளமைப் பருவத்திலேயே தொடங்கிவிடும் இந்த வேலை பல பத்தாண்டுகள் ஓசையில்லாமல் நடக்கிறது.

மாரடைப்பு பெரும்பாலும் எப்போது வருகிறது என்றால், இந்தத் திட்டின் மேல்தோல் ஒருநாள் கிழியும்போது. உள்ளிருக்கும் கொழுப்பு இரத்தத்தைத் தொட்டவுடன், காயம்பட்ட இடத்தில் உறைவது போலவே அங்கும் இரத்தம் உறைந்து சில நிமிடங்களில் குழாயை மூடிவிடுகிறது. அப்படிக் கிழியும் திட்டுகளில் பல, கிழிவதற்கு முந்தைய நாள்வரை இரத்த ஓட்டத்தைப் பெரிதாகத் தடுக்காமல் இருந்தவை. "போன மாதம்தான் இசிஜி எடுத்தோம், நார்மல் என்றார்களே" என்று குடும்பத்தார் திகைப்பதன் காரணம் இதுதான். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுத்த இசிஜி அந்த நேரத்து நிலையைக் காட்டுமே தவிர, சுவருக்குள் வளர்ந்துகொண்டிருப்பதைக் காட்டாது.

ஆகவே தடுப்பு என்பதற்கு இரண்டு பொருள் உண்டு: புதிய திட்டுகள் உருவாகாமல் பார்த்துக்கொள்வது, ஏற்கெனவே உள்ளவற்றைக் கிழியவிடாமல் அமைதியாக வைத்திருப்பது. இரண்டாவது பொருள் இருப்பதால்தான், ஐம்பது வயதுக்கு மேல் பழக்கத்தை மாற்றினாலும் பயன் கிடைக்கிறது.

இதில் நம் கையில் எவ்வளவு இருக்கிறது? 52 நாடுகளில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு இதற்கு விடை தேடியது. புகையிலை, கொழுப்புக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், காய்கனி குறைந்த உணவு, மது தொடர்பான பழக்கம், உடலுழைப்பின்மை என்ற ஒன்பது காரணிகளே முதல் மாரடைப்பின் ஆபத்தில் ஏறத்தாழ 90 விழுக்காட்டை விளக்கிவிடுகின்றன என்று அது கண்டது. அதே ஆய்வின் தரவுகள், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு பிற நாட்டினரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே, சராசரியாக 53 வயதை ஒட்டி வருவதையும் காட்டின. குடும்ப வழியும் உண்டு. தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ 65 வயதுக்கு முன்பும் இதயநோய் வந்திருந்தால் நமக்கும் ஆபத்து கூடுதல். அத்தகைய குடும்பத்தில் பிறந்தவர் "விதி" என்று விட்டுவிடாமல், மற்றவர்களைவிடப் பத்தாண்டு முன்னதாகவே கவனிக்கத் தொடங்க வேண்டும்.

புகையிலை: இதில் மட்டும் பேரம் இல்லை

மற்ற எல்லாவற்றிலும் "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல இடமுண்டு; புகையிலையில் இல்லை. புகையில் உள்ள நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் பிற நச்சுகளும் குழாயின் உள்ளுறையைக் கெடுப்பதோடு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைப் பிசுபிசுப்பாக்கி உறைவதற்கு ஆயத்தமாக வைக்கின்றன. 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாளொன்றுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதய ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருப்பது தெரிந்தது. இருபதை ஒன்றாகக் குறைத்தவர் ஆபத்தை இருபதில் ஒரு பங்காக்கிவிட்டதாக எண்ணிக்கொள்ளக் கூடாது என்பதே இதன் பொருள். பீடி சிறியது, இலையில் சுற்றியது, அதனால் கெடுதல் குறைவு என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. வாயில் அடக்கும் புகையிலையும் நிகோடினை இரத்தத்தில் ஏற்றி அழுத்தத்தைக் கூட்டவே செய்கிறது. வீட்டுக்குள் ஒருவர் புகைத்தால் புகைக்காத மனைவி மக்களின் ஆபத்தும் நான்கில் ஒரு பங்கு அளவுக்கு உயர்கிறது.

மறுபக்கம், விட்டவருக்குக் கிடைக்கும் பலன் வேறெந்த மாற்றத்தைவிடவும் விரைவானது. ஓராண்டில் கூடுதல் ஆபத்து ஏறத்தாழ பாதியாகிறது. தொடர்ந்து விலகியிருந்தால் 15 ஆண்டு அளவில் என்றுமே புகைக்காதவரின் நிலையை நெருங்குகிறது. முதல் இரண்டு மூன்று வாரங்கள்தான் கடினமானவை. அந்த நாட்களுக்கு நிகோடின் மெல்பசை போன்ற மருத்துவ உதவி உண்டு. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய ஆலோசனை எண்ணும் உண்டு.

பிரஷரும் உப்பும்

உயர் இரத்த அழுத்தத்துக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நம்பிச் சோதிக்காமலே இருப்பவர்கள் நம் ஊர்களில் ஏராளம். மேல் அளவு 140-ஐயோ கீழ் அளவு 90-ஐயோ, வெவ்வேறு நாட்களில் அளக்கும்போதும் எட்டினால் அது உயர் இரத்த அழுத்தம். 120/80-க்குக் கீழ் இருப்பது நல்லது. அளக்கும் முறையும் முக்கியம். பேருந்திலிருந்து இறங்கி வேகமாக நடந்துவந்து, டீ குடித்த சூட்டோடு கையை நீட்டினால் எண் கூடுதலாகவே வரும். அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பு டீ, காபி, பீடி எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டை சுற்றிய கை, நெஞ்சின் உயரத்துக்கு மேசைமேல் தாங்கலாக இருக்க வேண்டும். சட்டைக் கையின் மேலேயே பட்டையைச் சுற்றுவது தவறு. இப்படி இரண்டு முறை அளந்து பார்த்த எண்ணைத்தான் நம்பலாம்.

அழுத்தத்தைக் கூட்டும் பழக்கங்களில் நம் சமையலறையோடு மிக நெருங்கியது உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது. குழம்பில் போடும் உப்பு மட்டும் இந்தக் கணக்கில் வருவதில்லை. களியிலும் சோற்றிலும் போடும் உப்பு, மோரில் கரைக்கும் உப்பு, கிருஷ்ணகிரி மாங்காயை ஆண்டு முழுவதற்கும் காத்துவைக்கும் ஊறுகாயின் உப்பு, கருவாடு, அப்பளம், மோர் மிளகாய், மிக்சர், பேக்கரி ரொட்டி என எல்லாம் சேர்ந்தது அது. வெயிலில் வேர்க்க வேர்க்க உழைத்தவரின் பாட்டன் காலத்து ஊறுகாய் அளவை, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் பேரனும் அப்படியே தொடர்வதுதான் இங்கே சிக்கல். இந்துப்பு, கல் உப்பு என்று மாற்றிக்கொள்வதில் இந்த விஷயத்தில் லாபம் எதுவுமில்லை. அவற்றிலும் இருப்பது சோடியமே.

உப்பைக் குறைப்பதன் பலனைக் கிராமங்களிலேயே சோதித்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று சீனாவில் நடந்தது. 600 கிராமங்களைச் சேர்ந்த சுமார் 21,000 பேர் அதில் இருந்தார்கள். பக்கவாதம் வந்தவர்கள், அல்லது அறுபது வயதைத் தாண்டிய உயர் அழுத்தக்காரர்கள். பாதிக் கிராமங்களுக்குச் சாதாரண உப்புக்கு மாற்றாக, சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் கலந்த உப்பு கொடுக்கப்பட்டது. சுமார் ஐந்து ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2021-இல் அறிவிக்கப்பட்டது. சமைக்கும் முறை மாறவில்லை, உப்புப் பாக்கெட் மட்டுமே மாறியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் இத்தகைய உப்பு ஆபத்தாகலாம். மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. மற்றவர்கள் முதலில் செய்யக்கூடியது இன்னும் எளிது. சாப்பாட்டுத் தட்டின் ஓரத்தில் உப்பு வைக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, ஊறுகாயைத் தினப்படிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, குழம்பில் கால் பங்கு உப்பைக் குறைத்தால், முதலில் சப்பென்று இருக்கும் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும்.

களியைப் பற்றி நேர்மையாகச் சில சொற்கள்

ராகியைப் புகழ்ந்து எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. புகழில் உண்மையும் இருக்கிறது. 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார்ச்சத்தும், 350 மில்லிகிராமைத் தாண்டிய சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. தீட்டிய வெள்ளை அரிசியில் நார்ச்சத்து 3 கிராமைக்கூட எட்டாது. ஆனால் அதே 100 கிராம் ராகியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்துதான். மாவை மிக நைசாக அரைத்துக் கிண்டிய களி, இரத்தச் சர்க்கரையை நாம் நினைப்பதைவிட வேகமாகவே ஏற்றும். கூழாகக் கரைத்துக் குடித்தால் இன்னும் வேகம். "சுகருக்குக் களி நல்லது" என்று கேள்விப்பட்டு, அரிசிச் சோற்றை விட்டுவிட்டு இரண்டு பெரிய உருண்டை களியை விழுங்குபவருக்கு அந்தச் சர்க்கரை குறையாது. சாமையிலும் இதே கதைதான். கடையில் வெள்ளைவெளேரென்று தீட்டி விற்பதில், எதற்காகச் சாமையைத் தேடினோமோ அந்தத் தவிடு போயிருக்கும்.

எனவே களியைவிடக் களியோடு வருவதுதான் முக்கியம் என்பது என் கருத்து. பழைய தட்டை நினைத்துப் பாருங்கள்: நடுவில் ஓர் உருண்டை, அதைச் சுற்றிக் கீரைக் கடைசலோ, கொள்ளுக் கடைசலோ, பச்சை மொச்சைக் குழம்போ, நிலக்கடலைச் சட்னியோ இருக்கும். கீரையின் நாரும் பொட்டாசியமும், கொள்ளின் புரதமும், கடலையின் நல்ல கொழுப்பும் சேரும்போதுதான் அது இதயத்துக்கு ஏற்ற உணவாகிறது. இன்றைய தட்டில் களி பெரிதாகவும் கடைசல் இரண்டு கரண்டியாகவும் சுருங்கிவிட்டது. அதைத் திருப்பிப் போட வேண்டும்: தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு பயறு, முட்டை, மீன் அல்லது தோல் நீக்கிய கோழி, மீதிக் கால் பங்கில் களியோ சோறோ. காயும் பழமும் சேர்ந்து நாளொன்றுக்கு 400 கிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ராயக்கோட்டைத் தக்காளியும் பாலக்கோட்டுக் காயும் லாரி ஏறி வெளியூர் போகும் மாவட்டங்களில், விளைவித்தவர் வீட்டுத் தட்டில் இந்த 400 கிராம் இல்லை என்பது வருத்தமான செய்தி.

மாம்பழத்தை விட முடியாது என்பது தெரிந்ததே. விட வேண்டியதுமில்லை. பழமாகக் கடித்து, சிறு பழம் ஒன்றோடு நிறுத்தி, அந்த வேளையில் சோற்றைக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலோருக்குப் போதும். நீரிழிவு உள்ளவர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். கூழாக்கிச் சர்க்கரை சேர்த்துப் பாட்டிலில் அடைத்து வருவது வேறு பொருள். அதையும் குளிர்பானத்தையும் ஒரே வரிசையில் வைப்பதே சரி.

எண்ணெயில் இரண்டு கேள்விகள் உண்டு: எது, எவ்வளவு. ரேஷனில் கிடைக்கும் பாமாயிலில் ஏறத்தாழ பாதி நிறைகொழுப்பு. கடலெண்ணெயில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு, நல்லெண்ணெயில் இன்னும் சற்றுக் குறைவு. நிறைகொழுப்பு எல்டிஎல்லைக் கூட்டும் என்பதால் தாளிப்புக்குக் கடலெண்ணெயையும் நல்லெண்ணெயையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது. செக்கில் ஆட்டியது என்பதற்காக அளவு மீறலாம் என்று பொருளில்லை. எல்லா எண்ணெயிலும் கலோரி ஒன்றுதான். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று கணக்கிட்டு, நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு லிட்டரை மாத முதல் நாளே தனியே எடுத்து வைத்துவிட்டால் தினமும் அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்பு எல்லாவற்றிலும் கெட்டது. இந்தியாவில் 2022 முதல் அதற்கு 2 விழுக்காடு என்ற உச்சவரம்பு உள்ளது. ஆனால் பேருந்து நிலையத்துக் கடையில் காலையிலிருந்து கொதித்துக் கறுத்த எண்ணெயில் மாலையில் வேகும் போண்டாவை எந்த வரம்பும் காப்பாற்றாது. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகை வந்தால் அந்தக் கடையைத் தாண்டிப் போய்விடலாம்.

இடுப்பு

நம்மவர்களுக்கு ஒரு தனிக் குறை உண்டு: கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னே நிற்கும். குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேரும் இந்தக் கொழுப்புதான் நீரிழிவுக்கும் இரத்தத்தில் டிரைகிளிசரைடு எனப்படும் முக்கொழுப்பு ஏறுவதற்கும் வழிவகுக்கிறது. அதனால் இந்தியர்களுக்கு எடையைவிட இடுப்பளவு நல்ல அடையாளம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. வேட்டி கட்டும் இடத்திலோ பேண்ட் நிற்கும் இடத்திலோ அளந்தால் கணக்குத் தப்பும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்றும், அதன் வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடிப் பேர் என்றும் மதிப்பிட்டது. வாசலில் நிற்பவர்கள் உடல் எடையில் 5 முதல் 7 விழுக்காட்டைக் குறைத்து நாள்தோறும் நடந்தாலே பலர் உள்ளே போகாமல் தப்பிக்கலாம்.

உட்கார்ந்த தொழிலும் நடந்த தொழிலும்

உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதலில் அளந்து காட்டியது ஒரு பேருந்து ஆய்வு. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு 1953-இல் முடிவை வெளியிட்டார்கள். இருவரும் ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே வண்டியில் வேலை செய்தவர்கள். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கினார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாகவும், வந்தாலும் தாமதமாகவும் கடுமை குறைந்ததாகவும் இருந்தது. பருமனானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்கு வந்தார்களோ என்ற ஐயம் அப்போதே எழுந்தது. மோரிஸ் சீருடைக் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு உண்மையிலேயே பெரிதாகத்தான் இருந்தது. அதனால் அந்த ஒரு ஆய்வோடு நிற்காமல், நடந்து தபால் கொடுப்பவர்களையும் மேசையில் இருக்கும் எழுத்தர்களையும் ஒப்பிட்டும் பிற குழுக்களிலும் பார்த்தார்கள். போக்கு அதே திசையில்தான் இருந்தது. பின்வந்த பத்தாண்டுகளின் ஆய்வுகளும் அதை உறுதிசெய்தன.

தேசிய நெடுஞ்சாலை 44 நடுவே ஓடும் நம் இரு மாவட்டங்களில், லாரியிலும் பேருந்திலும் காரிலும் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்தப் பழைய ஆய்வு நேராகப் பொருந்தும். ஓசூர்த் தொழிற்சாலையில் கணினித் திரைமுன் இருப்பவருக்கும், பெங்களூருக்குத் தினமும் போய்வருபவருக்கும் அப்படியே. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்பது பொது விதி; ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். மிதமானது என்பதை அறிய எளிய வழி, நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. ஒரே மூச்சில் 30 நிமிடம் இயலாவிட்டால் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். வயலில் களை கொத்துவதும் மண்வெட்டி பிடிப்பதும் இந்தக் கணக்கில் சேரும். டிராக்டர் ஓட்டுவது சேராது. 2023-இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தேர்ந்தெடுத்து "நடப்போம் நலம் பெறுவோம்" திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் நடக்க அந்தப் பாதைதான் வேண்டுமென்பதில்லை, ஏரிக்கரை போதும். நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுப்பதும் நல்லது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்வதே வயதானவர்களுக்கு நல்ல தொடக்கம்.

ஓர் எச்சரிக்கை. மேடு ஏறும்போதோ, ஓசூர் மலைக்கோயில் படிகளில் ஏறும்போதோ நெஞ்சில் பாரமோ இறுக்கமோ தோன்றி, நின்றால் அடங்குகிறது என்றால், அது உடற்பயிற்சிக் குறைவு என்று எண்ணி இன்னும் வேகமாக ஏறக் கூடாது. குழாய் குறுகியிருப்பதற்கான அடையாளமாக இருக்கலாம். நடைப்பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை அது.

தூக்கம், மது, மன அழுத்தம் ஆகியவற்றைச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும். இரவு ஷிப்டில் வேலை செய்பவர்கள் பகலில் அதை இருட்டறையில் முழுமையாக ஈடுசெய்ய வேண்டும். பலத்த குறட்டையும் நடுவே மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது பிரஷரை ஏற்றும் ஒரு நோய், கேலிக்குரிய விஷயமன்று. மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதே 2023-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த நிலை. "இதயத்துக்கு ஒரு பெக் நல்லது" என்பதை யாரும் மருத்துவமாகச் சொல்ல வேண்டாம். மன அழுத்தத்துக்குத் தியானம் செய்யுங்கள் என்று எழுதிவிடுவது எளிது. மழை பொய்த்து, தக்காளி விலை சரிந்து, வட்டி ஏறும் வீட்டில் அது எவ்வளவு உதவும் என்பது எனக்குச் சந்தேகமே. ஆனால் அந்த நெருக்கடியில் பீடியும் மதுவும் கூடுவதையும், மாத்திரை வாங்குவது நின்றுபோவதையும் குடும்பத்தார் கவனித்துத் தடுக்க முடியும்.

பார்க்க வேண்டிய எண்கள், விடக் கூடாத மாத்திரை

30 வயது நிரம்பியவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, இடுப்பளவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126-ஐத் தொட்டால், மறு சோதனையிலும் அது உறுதியானால், நீரிழிவு. கொழுப்புச் சோதனையை ஒருமுறை செய்து, எல்டிஎல் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மொத்தக் கொழுப்பு என்ற ஒற்றை எண் போதாது. மாதவிடாய் நின்ற பெண்களும், கருவுற்ற காலத்தில் சர்க்கரையோ பிரஷரோ வந்திருந்த பெண்களும் தங்களுக்கு இதயநோய் வராது என்று எண்ணக் கூடாது. அவர்களுக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சுவலியோடு, அல்லது அது இல்லாமலேயே, மூச்சுத்திணறல், குமட்டல், காரணமில்லாத சோர்வு என்று வருவதால் வீட்டார் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது.

யாருக்காயினும் நெஞ்சின் நடுவில் அழுத்துவது போன்ற வலி, இடக்கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவி, வேர்த்துக் கொட்டினால், "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக் காத்திருப்பதில் போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை மடியும் நிமிடம். 108-ஐ அழைக்க வேண்டும். தானே வண்டி ஓட்டிப் போகக் கூடாது. 2023-இல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, இரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல்வேளை மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வரை போகும் வழியில் அது காலத்தைச் சேமிக்கும்.

பழக்கத்தை மாற்றிய பலரும் செய்யும் ஒரு தவறு, பிரஷர் எண் இறங்கியதும் மாத்திரையை நிறுத்துவது. எண் இறங்கியதே மாத்திரையும் நடையும் சேர்ந்து செய்த வேலையால். நிறுத்தினால் அறிகுறி எதுவும் காட்டாமலே அது மீண்டும் ஏறும். நடையும் உணவும் சரியாகத் தொடர்ந்து எடையும் குறைந்திருந்தால் மருத்துவரே அளவைக் குறைக்கக்கூடும்; அந்த முடிவை அவரிடம் விட வேண்டும். செலவு ஒரு காரணமென்றால், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இவை இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கி வைக்கப்பட்டது. அதன் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்த்து, பதிவு செய்தவர்களுக்கு மாத்திரையும் கொடுக்கிறார்கள். அவர்கள் வரும் நாளில், நோயாளி என்று பதிவானவர் மட்டும் கையை நீட்டாமல், வீட்டில் இருக்கும் முப்பது வயதைத் தாண்டிய அனைவரும் ஒருமுறை அளந்துகொள்ளலாம்.